பழைய எம்.ஜி.பி. கார் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

நான் இருப்பது இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸ் பக்கம். வைத்திருப்பது 1971-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஜி.டி., பச்சை நிறம், வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பெட்ரோல் பங்கில் நின்றால் யாராவது வந்து பேசாமல் போவதில்லை, அதுவும் நம்ம ஆள் என்றால் கேள்வி மேல் கேள்வி. எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன், சனிக்கிழமை மட்டும் கை கருப்பாகும்.

எத்தனையோ பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்க, ஏன் எம்.ஜி.பி.?

மலிவு, எளிமை, பாகம் கிடைக்கும். இந்த மூன்றும்தான்.

கொஞ்சம் விரிவாகச் சொன்னால், 1962-லிருந்து 1980 அக்டோபர் வரை ஆபிங்டன் என்ற சின்ன ஊரில் இந்தக் காரைச் செய்தார்கள், வகைகள் எல்லாம் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பெரிய எண்ணிக்கை, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. எஞ்சின் 1798 சி.சி., நாலு சிலிண்டர், புதிதாக இருந்தபோது 95 குதிரைசக்தி என்று சொல்லி விற்றார்கள். வேகம் என்று பார்த்தால் இன்றைக்கு ஒரு சாதாரண டீசல் கார்கூட சிக்னலில் இதை முந்திவிடும். ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, குட்டையான கியர் கம்பியை டக் டக்கென்று மாற்றிக்கொண்டு 50 மைல் வேகத்தில் ஒரு கிராமத்துச் சாலையில் போகும்போது 100-ல் போவதுபோல் இருக்கும். போலீசும் பிடிக்காது.

அம்பாசடர் எஞ்சினும் இதுவும் ஒன்று என்கிறார்களே, உண்மையா?

ஒரே குடும்பம். எம்.ஜி. கார்களைச் செய்த பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் எஞ்சின் அது. அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் அந்தக் குடும்பத்துச் சின்னவன், எம்.ஜி.பி.யில் இருப்பது பெரியவன். எம்.ஜி.பி.க்கு முன்னால் வந்த எம்.ஜி.ஏ.வில் முதலில் இருந்தது அதே 1489 சி.சி.தான், இரண்டு கார்புரேட்டர் போட்டு முறுக்கேற்றியது.

திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்திருந்தபோது பானெட்டைத் திறந்து காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். “எலே, இது நம்ம அம்பாசடர் எஞ்சின்லா?” என்றார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இருபது வருஷம் டேப்பெட் சத்தம் கேட்ட காது. அம்பாசடர் பார்த்த பழைய மெக்கானிக் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால் பாதிப் பாடம் அவரிடமே படிக்கலாம்.

ஸ்பிட்ஃபயர், மிட்ஜெட், ஈ-டைப் இதெல்லாம்?

டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் நல்ல கார், எம்.ஜி.பி.யைவிடச் சின்னது, விலையும் குறைவு. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக மேலே தூக்கிக்கொள்ளும், முன்சக்கரத்து மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம், அந்த வசதி வேறு எதிலும் வராது. இதிலும் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு அடியில் இருப்பது டிரயம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கியது, அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று செய்து விற்றது. நாலு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. வாங்குவதாக இருந்தால் ஒரு சோதனை அவசியம்: ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சின் முன்னால் இருக்கும் பெல்ட் சக்கரத்தைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே கிராங்க் ஷாஃப்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

எம்.ஜி.யின் இன்னொரு காரான மிட்ஜெட் குட்டி. ஆறடி ஆள் என்றால் முதலில் உள்ளே போய் வெளியே வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். ஜாகுவார் ஈ-டைப் அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் அந்தக் காசில் பல எம்.ஜி.பி. வாங்கலாம். அது வேறு உலகம், எனக்கு அதில் அனுபவம் இல்லை.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்கணும்?

துரு. இரண்டாவதாக? துரு. மூன்றாவதாக வேண்டுமானால் எஞ்சினைப் பார்க்கலாம்.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. எம்.ஜி.பி.க்குத் தனியாக சேஸி கிடையாது, தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்த உடம்புதான் காரைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி போன்ற பாகம் இருக்கிறதே, நம்ம ஊர் டிங்கர் ரன்னிங் போர்டு என்று சொல்வாரே, இங்கே அதை சில் என்பார்கள். அதுதான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுவில் ஒரு தகடு, உள்தகடு, அடியில் ஒரு மடிப்புச் சட்டம் என்று பல அடுக்கு. மழைத்தண்ணீரும் குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பும் உள்ளே போய் உட்கார்ந்து, வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அப்பளமாகிவிடும்.

சோதனை எளிது. ஜாக்கி போடும் இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள், கதவைத் திறந்து மூடுங்கள். கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறைந்தாலோ, கதவு இடித்தாலோ, கார் நடுவில் தொய்கிறது. ஜாக்கியே உள்ளே போய்விட்டால் இன்னும் சுலபம், டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம். ரன்னிங் போர்டு மேல் பளபளக்கும் ஸ்டீல் பட்டை ஒட்டியிருந்தால் அழகு என்று நினைக்காதீர்கள், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சின்னது போதும். முன் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவை ஒட்டிய மூலை, இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது. அப்புறம் சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகையைத் தூக்கி பேட்டரி உட்காரும் பெட்டியைப் பாருங்கள், பேட்டரி ஆசிட் தின்ற ஓட்டை வழியாக ரோடு தெரிவது சகஜம். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், கால் வைக்கும் தரை, கண்ணாடிக்குக் கீழே உள்ள மூலை. கதவின் மேல் விளிம்பில், முக்கோணக் கண்ணாடியை ஒட்டி ஒரு வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், அது இந்தக் காரின் பிறவி மச்சம்.

நான் முதலில் பார்க்கப் போன காரை விற்றவர் எஞ்சினை அரைமணி நேரம் புகழ்ந்தார், புதுசாக ரீபோர் செய்தது, பில் இருக்கிறது, கேளுங்கள் சத்தத்தை என்று. காந்தத்தை ரன்னிங் போர்டில் வைத்தேன், கீழே விழுந்தது. அவரும் நானும் அதைப் பார்த்தோம். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை.

எஞ்சின் போய்விட்டால் மாற்றலாம், கியர்பாக்ஸ் போனாலும் மாற்றலாம், இரண்டையும் ஒரு வாரக் கடைசியில் வீட்டு வாசலில் இறக்கி ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். உடம்பு போனால் வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டும். அதனால் உடம்பு நன்றாக உள்ள, எஞ்சின் புகைகிற காரை வாங்குங்கள்.

குரோம் பம்பரா, ரப்பர் பம்பரா?

1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கருப்பு ரப்பர் மூக்கு வைத்தார்கள், உயரத்தையும் கொஞ்சம் ஏற்றினார்கள். பார்க்கவும் பிடிக்கவில்லை, வளைவில் சாயவும் செய்தது, அதனால் இன்றைக்கும் விலை குறைவு. கையில் காசு குறைவாக இருந்தால் ரப்பர் பம்பர் கார்தான் புத்திசாலித்தனம், ஏனென்றால் உயரத்தை மறுபடி இறக்கிவிட வழி இருக்கிறது, காரும் வயதில் இளசு. எனக்கு குரோம்தான் பிடிக்கும். அது கண்ணுக்குப் பிடித்தது, அறிவுக்குச் சம்பந்தமில்லை.

திறந்த மாடலா, ஜி.டி.யா?

1965-ல் வந்த ஜி.டி.க்குக் கூரை இருக்கிறது, அந்த வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரீனா கைவைத்திருக்கிறார்கள். பின்னால் டிக்கி கதவு மேலே திறக்கும், மளிகை வாங்கலாம். பின்சீட் என்று ஒன்று இருக்கிறது, அதில் உட்காரக் கால் இருக்கக்கூடாது. திறந்த மாடலுக்கு மவுசு அதிகம், விலையும் அதிகம். இங்கிலாந்து மழையைப் பதினைந்து வருஷம் பார்த்த பிறகு சொல்கிறேன், ஜி.டி. வாங்குங்கள்.

50 வருஷக் காருக்குப் பாகம் எங்கே கிடைக்கும்?

இதுதான் ஆச்சரியம், என்னுடைய 8 வருஷத்து ஜப்பான் காருக்குக் கதவுப் பிடி வாங்க மூன்று வாரம் காத்திருந்தேன், இதற்கு ராத்திரி ஆர்டர் போட்டால் மறுநாள் காலையில் தபால்காரர் பாகத்தோடு நிற்பார். ஒரு திருகாணி விடாமல் எல்லாம் கிடைக்கிறது. முழு உடம்பே புதிதாக வாங்கலாம், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் விட்னி என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து 1988-லிருந்து எம்.ஜி.பி. உடம்பை மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தரம்தான் சிக்கல். எல்லாப் பாகமும் இருக்கிறது, எல்லாப் பாகமும் நல்லதாக இல்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரும் கண்டென்சரும் ரொம்ப மோசம், புதிதாகப் போட்டது இருபது மைலில் உயிரை விடும். பழையது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் மாற்றாதீர்கள், மாற்றினாலும் பழையதைத் தூக்கி எறியாமல் டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். எது நல்லது எது குப்பை என்பது சங்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும், அதற்காகவே எம்.ஜி. கார் கிளப் அல்லது எம்.ஜி. ஓனர்ஸ் கிளப் ஏதாவது ஒன்றில் சேருங்கள். முதலாவது 1930-லிருந்து இருக்கிறது.

வருஷத்துக்கு என்னென்ன வேலை செய்யணும்?

பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தள்ளிப்போட முடியாது. இன்றைய காரை வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் விட்டுவிட்டு மறந்துவிடலாம், இது மாடு மாதிரி, அப்பப்போ போய்ப் பார்க்கணும்.

எஞ்சின் ஆயில் 3,000 மைலுக்கு ஒருமுறை, அல்லது அவ்வளவு ஓட்டவில்லை என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை. 20-50 மினரல் ஆயில், பழைய கார்களுக்கென்றே விற்பது. கடையில் இருக்கிற விலையுயர்ந்த தண்ணீர் போன்ற சிந்தெடிக் ஆயிலை ஊற்றினால் நல்லது செய்கிறோம் என்று நினைப்பீர்கள், அது எல்லாச் சீலிலும் புகுந்து வெளியே வரும், போதாததற்கு இந்த மாதிரி டேப்பெட்டுக்கு வேண்டிய துத்தநாகச் சத்து அதில் குறைவு. கியர்பாக்ஸுக்கும் இதே ஆயில்தான், தடித்த கியர் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். பின் ஆக்ஸிலுக்கு மட்டும்தான் கியர் ஆயில்.

கிரீஸ் அடிப்பதை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதில்தான் காசு போகும். முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னில் ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் ஏற்றுகிற மூன்று நிப்பிள். காரைத் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது அடியுங்கள், அப்போதுதான் கிரீஸ் உள்ளே ஏறும். இரண்டு வருஷம் இதைச் செய்யாமல் விட்ட ஒருவரின் காரில் ஸ்டியரிங் திருப்ப இரண்டு கையும் ஒரு பிரார்த்தனையும் தேவைப்பட்டது. ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் ஒரு நிப்பிள் இருக்கிறது, அது அழுக்குக்குள் ஒளிந்திருக்கும், தேடுங்கள்.

டேப்பெட் வைப்பது, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, இந்தக் காரில் எனக்குப் பிடித்த வேலை. எட்டு வால்வு, அதற்கு ஒன்பது கணக்கு: முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யணும், இரண்டாவது திறந்தால் ஏழாவது, இப்படிக் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். அளவு உங்கள் வருஷத்துக் கையேட்டில் இருக்கும். எதிரே டீ, ரேடியோவில் ராஜா, கையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். ஒரு மணி நேரம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறிக்காகத் திறந்து மூடுகிற பாயிண்டின் இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. இது பிடிக்காதவர்கள் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுக்கொள்கிறார்கள், வெளியே பார்த்தால் தெரியாது, நானும் போட்டிருக்கிறேன், தூய்மைவாதிகள் மன்னிக்கவும். பழைய பாயிண்ட் செட் டிக்கியில் இருக்கிறது.

பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. டயர் பத்து வருஷம் ஆனால் பட்டன் தேயாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், இந்த மாதிரிக் காரில் டயர் தேய்வதற்கு முன்னால் கிழடாகிவிடும்.

இரண்டு கார்புரேட்டர் என்றால் டியூனிங் தலைவலி இல்லையா?

இந்தக் காரில் இருக்கும் எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டரைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள், உள்ளே நகர்கிற பாகம் இரண்டு மூன்றுதான். தலையில் இருக்கும் சின்ன மூடியைத் திருகி எடுத்தால் ஒரு கம்பி வரும், அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் ஆயில் இருக்கணும். அது வற்றிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கார் இருமும். டியூனிங் கெட்டுவிட்டது என்று பட்டறைக்குப் போனவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்பட்டது நாலு சொட்டு ஆயில்.

இரண்டும் சமமாக மூச்சு விடுகிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில், இன்னொரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து உஸ் சத்தத்தைக் கேளுங்கள், பக்கத்தில் உள்ளதையும் கேளுங்கள், இரண்டும் ஒரே ஸ்ருதியில் இருக்கணும். பெட்ரோல் அளவுக்கு, உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகமெடுத்து அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஆனால் டேப்பெட், பாயிண்ட், பிளக் எல்லாம் சரிசெய்த பிறகுதான் கார்புரேட்டரைத் தொடணும். தலைகீழாகச் செய்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

லூகாஸ் வயரிங் என்றாலே சிரிக்கிறார்களே?

இந்தக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த கம்பெனியை ஆரம்பித்த ஜோசப் லூகாஸுக்கு இங்கே வைத்திருக்கிற பட்டப்பெயர் இருளின் இளவரசன். ஹெட்லைட் சுவிட்சில் மூன்று நிலை: மங்கல், மினுக்கல், அணைந்தது, என்று ஒரு பழைய ஜோக். நமக்கு லூகாஸ் என்றால் சென்னை பாடியில் இருக்கிற தொழிற்சாலையும் பஸ் ஸ்டாப்பும்தான் ஞாபகம் வரும், அதுவும் அதே பர்மிங்ஹாம் லூகாஸோடு கூட்டாக ஆரம்பித்ததுதான்.

என்னைக் கேட்டால் அந்தக் கம்பெனி மேல் பழி அநியாயம். ஐம்பது வருஷம் ஈரத்தில் நின்ற வயர் வேறு எப்படி இருக்கும்? பத்துக்கு எட்டுப் பிரச்சினை எர்த். விளக்கு மங்கினால், இன்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தால், முதலில் எர்த் வயர் உடம்போடு சேரும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்கள். அடுத்தது குண்டு வடிவில் இருக்கும் கனெக்டர்கள், ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுத்தம் செய்யணும்.

வயரின் நிறத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் கரண்ட் இருக்கும், அதில் ஃபியூஸ் கிடையாது, ஜாக்கிரதை. வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறும். பச்சை அதே சாவி, ஆனால் ஃபியூஸ் வழியாக. ஊதா ஃபியூஸ் வழியாக எப்போதும். நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன லைட், கருப்பு எர்த். மிட்ஜெட்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் ஈ-டைப்பிலும் இதே கணக்குதான்.

ஒன்று முக்கியம். 1967-க்கு முந்தின கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அதில் இன்றைய ரேடியோவையோ ஃபோன் சார்ஜரையோ யோசிக்காமல் மாட்டினால் புகை வரும். வாங்கும்போதே கேட்டு வையுங்கள், நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம்.

ஆயில் ஒழுகுமா?

ஒழுகும். கீழே ஒரு அட்டை போட்டு வையுங்கள். ராத்திரிக்கு நாலைந்து சொட்டு என்றால் கார் நலம், குட்டையாக நின்றால் பாருங்கள். அந்தக் கால மிட்ஜெட்டில் எஞ்சின் பின்பக்கத்தில் ரப்பர் சீலே இல்லை, ஆயிலைத் திருப்பி அனுப்ப ஒரு திருகு மரை வெட்டியிருப்பார்கள், கார் ஓடும்போது அது வேலை செய்யும், நின்றால் ஒழுகும். பழுது என்று சொல்ல முடியாது, அதைச் செய்ததே அப்படித்தான். சொட்டு விழவில்லை என்றால் உடனே ஆயில் அளவைப் பாருங்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர் என் பக்கத்து வீட்டுக்காரர், அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார்.

எந்தப் பெட்ரோல் போடணும்?

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும், தின்ற குழாய் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைச் சொட்டும், அதற்கு மேல் சொல்ல வேண்டாம். எத்தனால் தாங்குகிற புதுக் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, வாங்கிய முதல் வாரமே எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெட்ரோல் சூப்பர் ரகம், ஈ5 போடுங்கள். வருஷத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓட்டுகிற காருக்கு அந்த விலை வித்தியாசம் பெரிதில்லை.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் இங்கே நின்றுபோனது, வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்று கவனித்து வாருங்கள். பெரும்பாலும் இதற்குள் யாராவது மாற்றியிருப்பார்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றலாமா?

ஊரில் ஊற்றுவோம். இங்கே ஊற்றினால் ஜனவரியில் உறைந்து பிளாக்கே வெடிக்கலாம். கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி.

கம்பிச் சக்கரம் நன்றாக இருக்குமே?

இருக்கும். துடைக்கத் தொடங்கினால் அன்றைக்கு வேறு வேலை இல்லை. நடுவில் பல் வெட்டிய குழாய் மேல் சக்கரம் உட்காரும், அதை ஒரே பெரிய நட் பிடித்திருக்கும், கனமான சுத்தியலால் அடித்துத்தான் இறுக்கணும், இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிராகத் திருகும். பல் தேய்ந்துவிட்டால் கார் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டங்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள், பல் வழுக்கினால் சக்கரத்துக்கு பிரேக்கே இருக்காது. நான் இரும்புச் சக்கரத்தில் திருப்தியாக இருக்கிறேன்.

வரி, எம்.ஓ.டி., லண்டன் புகைக் கட்டணம்?

வயது நாற்பது தாண்டிய கார் என்றால் ஹிஸ்டாரிக் வகையில் பதிவு செய்துகொள்ளலாம், வரி பூஜ்யம். ஆனால் வருஷா வருஷம் பூஜ்யம் பவுண்டுக்கு விண்ணப்பிக்கணும், மறந்தால் அபராதக் கடிதம் வரும், அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான். அதே வகை கார்களுக்கு யூலெஸ் என்கிற லண்டன் புகைக் கட்டணமும் இல்லை. 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது கடந்த, பெரிதாக மாற்றியமைக்காத கார்களுக்கு எம்.ஓ.டி. என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை.

நான் இன்னும் வருஷம் தவறாமல் எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோகிறேன். நான் பார்க்காத ஒரு பிரேக் குழாயை வேறொரு ஜோடிக் கண் பார்க்கும், அந்தக் கட்டணத்துக்கு அது மலிவு. இன்சூரன்ஸ் பழைய கார்களுக்கென்று தனியாக இருக்கிறது, மைல் வரம்போடு எடுத்தால் குறைவு. காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு ஐம்பது வருஷப் பழைய இரும்புக்கான விலையைக் கையில் வைப்பார்கள்.

தினமும் ஓட்டலாமா?

ஓட்டமுடியும், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். நான் ரோட்டில் உப்புக் கொட்டும் நாட்களில் மட்டும் எடுப்பதில்லை, மற்றபடி மழையானாலும் எடுப்பேன். சும்மா நிறுத்தி வைத்தால்தான் பிரேக் ஒட்டிக்கொள்ளும், சீல் காயும், பெட்ரோல் கெடும். போர்வை போர்த்தி மூன்று வருஷம் ‘பத்திரமாக’ வைத்திருந்த கார் என்று விளம்பரம் பார்த்தால் நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஒதுக்கி ரன்னிங் போர்டுக்குள் துருத்தடுப்பு மெழுகை அடித்துவிடுங்கள்.

ஓவர்டிரைவ் உள்ள கார் கிடைத்தால் விடாதீர்கள். அது டாப் கியருக்கு மேல் ஒரு கியர் மாதிரி, 70 மைல் வேகத்தில் எஞ்சின் சுற்று 3,900-லிருந்து 3,200 பக்கம் இறங்கும். இல்லாமல் மோட்டர்வேயில் போனால் இறங்கிய பிறகும் காதில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு? ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, கதவு ஒரு தகரம். இதை அலங்கரித்துச் சொல்ல முடியாது. என் பையனை இதில் பள்ளிக்கு அழைத்துப் போவேன், மோட்டர்வேயில் அழைத்துப் போவதில்லை.

என்ன ஸ்பேனர் வாங்கணும்?

மில்லிமீட்டர் செட் வேலைக்காகாது. அங்குல அளவு, ஏ.எஃப். என்று போட்டிருக்கும். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் முக்கால்வாசி கார் கழன்றுவிடும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் 1/2 நட்டில் உட்காருவதுபோல் இருக்கும், உட்கார வைக்காதீர்கள், முனை மழுங்கிவிடும்.

நடுவழியில் நின்றுவிட்டால்?

சாவி போட்டதும் பின்பக்கத்திலிருந்து டக் டக் டக் என்று ஒரு சத்தம் வரணும், அது எஸ்.யூ. பெட்ரோல் பம்ப். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், கார்புரேட்டர் நிறைந்தது என்று அர்த்தம். சத்தமே வரவில்லை என்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது பின்சக்கரத்துக்கு முன்னால், தரைத்தகட்டுக்கு அடியில் பம்ப் இருக்கும். அதைத் தட்டணும். உடைக்கிற மாதிரி வேண்டாம், கதவைத் தட்டுகிற மாதிரி.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் ரவுண்டானாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் வேட்டி சட்டையில், பின்னால் ஹாரன். மனைவி பட்டுப்புடவையோடு இறங்கி, டிக்கியிலிருந்து சுத்தியலை எடுத்து, குனிந்து இரண்டு தட்டுத் தட்டினாள். டக் டக் டக். பின்னால் லாரியில் இருந்தவர் கை தட்டினார். அடுத்த வாரமே புதுப் பம்ப் வாங்கிவிட்டேன். பெட்டி பிரிக்காமல் கராஜ் அலமாரியில் இருக்கிறது, சுத்தியல் இன்னும் வேலை செய்கிறது.